தூக்கிப் பிடித்த லேப்டாப்

ரோந்து ஜீப்பின் லேப்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பைக்கின் எண்ணைத் தட்டி இருபது நிமிடம் ஆகியும் அந்த மலைப்பாதையில் சிக்னல் வரவில்லை. ஆவணம் எதுவும் இல்லாமல் பைக்கில் வந்து மாட்டிய நெட்டையன் தானாகவே முன்வந்தான்.

"குடுங்க மேடம், நான் தூக்கிப் பிடிக்கிறேன்."

எஸ்.ஐ. தமயந்தி கொடுத்துவிட்டாள். அவன் ஜீப்பின் பானெட்டில் ஏறி, திரையை அவள் பக்கம் சாய்த்து, சரணடைபவனைப் போல இரண்டு கைகளையும் உயர்த்தினான். காற்று இதமாக வீசியது. வட்டம் நின்றது.

"என்னோட வண்டிதானே மேடம்?"

"வண்டி உங்களோடதுதான். உங்களைத்தான் காணோம்னு புகார் இருக்கு."

"யாரு குடுத்தது?"

"உங்க சம்சாரம்."

"அவளா? எப்போ?"

தமயந்தி எக்கி நின்று படித்தாள். "மே பதினொண்ணு. சாயங்காலம் நாலரை மணி."

"நான் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்புனதே அன்னைக்கு மூணு மணிக்குத்தான்."

"சரி, பார்த்தாச்சு. இறங்குங்க."

அவன் இறங்கவில்லை. லேப்டாப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினான்.

"இன்னொரு தடவை படிங்க மேடம்."