வெளியே காத்திருப்பவள்

கடலாடியிலிருந்து இந்த அரசு மருத்துவமனைக்கு மாறுதலாகி வந்து மூன்றே நாளான ஆலோசகர் ஜெயப்பிரியா, எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் முனீஸ்வரனிடம் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவை உடனே சொல்லவில்லை. இப்படிப்பட்ட கணவர்கள் சற்று நேரம் தவிக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

"ஆணுறை போட்டுத்தானே இருந்தீக?"

"ஒரு தடவகூட விட்டதில்ல மேடம். ஆனாலும் பத்து நாளா ஒண்ணுக்குப் போனா எரியுது."

"ஒரு தடவகூடன்னா, அடிக்கடி உண்டோ?"

அவன் வெட்கத்தில் நெளிந்தான்.

"வீட்டுல இருக்கவுகளுக்குத் தெரியுமா?"

"வெளியதான் உக்காந்திருக்கா. காலையிலேருந்து ஒரே அழுகை. எனக்கு நோய் வந்திருந்தா அம்மா வீட்டுக்கே போயிருவேன்கிறா."

"நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்."

அவள் முடிவுத் தாளை எடுத்தாள். "ரத்தத்துல ஒண்ணுமில்ல. வெயில்ல தண்ணி குடிக்காம பஸ் ஓட்டுனா வர்ற நீர்க்கடுப்புத்தான். மூணு மாசங்கழிச்சு இன்னொருக்கப் பாத்துக்கிருவோம். உங்க வீட்டுக்காரவுகளையும் கூப்பிடுங்க, அவுகளுக்கும் ரத்தம் எடுக்கணும்."

"அவளுக்கு வேணாம் மேடம். சின்னப் பிள்ளையிலேருந்து எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுறவ. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டா. தன்னால எனக்கும் வந்துருச்சோன்னுதான் அழுகுறா. நான் சொன்னா நம்ப மாட்டா, நீங்க சொல்லுங்க."

ஜெயப்பிரியா எழுந்து தானே வெளியே போனாள். பெஞ்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி கனகலட்சுமியைக் கைபிடித்து அழைத்து வந்து, அவனருகில் உட்காரவைத்து, முடிவை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துக் காட்டினாள்.