ஓரத்துண்டு

இன்று பள்ளிக்கு மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே சமைத்துக் கொண்டுவர வேண்டும். பெற்றோர் கை வைக்கக் கூடாது. அம்மா சிஸுரு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். காலை வெயிலில் சதுர வாணலி மின்னுகிறது. கீரை கலந்த முட்டையை மகள் கொஹாரு சமையல் குச்சிகளால் பாய் போலச் சுருட்டுகிறாள். நடுவில் கிழிகிறது. சிஸுருவின் கை தானாக நீள்கிறது. “அம்மா, கை!” என்று அதட்டுகிறாள் மகள். கிழிசல்மேல் இன்னொரு கரண்டி முட்டை சொய்யென்று விழுகிறது. மறுபடி சுருட்டியதும் கிழிசல் போன இடம் தெரியவில்லை. நேற்றுவரை கீரையைப் பொறுக்கி ஒதுக்கிய விரல்கள் துண்டு போட்டுப் பென்டோ என்னும் சாப்பாட்டு டப்பாவில் அடுக்குகின்றன. கோணலான ஓரத்துண்டு மிஞ்சுகிறது. தினமும் அது சிஸுருவுக்குத்தான். பழக்கத்தில் வாயைத் திறக்கிறாள். “ஓரத்துண்டு சமைச்சவங்களுக்குன்னு நீதானேம்மா சொல்லுவே?” கொஹாரு அதைக் கீரையோடு தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். வெறும் வாயோடு நிற்கும் சிஸுருவுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.