டீச்சர் வீட்டுத் தொட்டி

"கம்பெனிக் குவார்ட்டர்ஸ் கிடைச்சிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டா நாளைக்கே போயிடலாம். எதுக்கு இப்படி அடம் பிடிக்கிறீங்க?"

அவள் நீட்டிய படிவத்தைக் கணவர் மடித்து அலமாரியில் வைத்தார். சரியான கல்லுளிமங்கன்.

பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் பம்ப் ஆபரேட்டர். பூமிக்கடியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியைத் தொட முடியும். கரி வந்தால்தான் தெருவில் விளக்கு எரியும். ஆனால் அதே தெருவில் கிணறெல்லாம் வற்றிப் போயிற்று. தெரு அவருக்கு வைத்த பெயர், உறிஞ்சி.

வற்றாமல் இருப்பது பக்கத்து வீட்டு டீச்சரின் போர்வெல் ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டைத் திறந்துவிடுவார். தெருவே குடத்தோடு நிற்கும்.

"நேத்தும் என் காதுபடவே சொல்றாங்க, மனசு சுத்தமா இருந்தா தண்ணி வத்தாதாம். நமக்குக் கம்பெனிக் குழாய்ல தண்ணி வருதுல்ல, அதான் குத்தல். நான் அக்கா வீட்டுக்குப் போறேன். கையெழுத்துப் போட்டதும் சொல்லுங்க, வரேன்."

போன வேகத்தில் பர்ஸை மறந்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தால், பின்கட்டில் கணவர் ஸ்டூல் மேல் நிற்கிறார். அவர்கள் வீட்டுக் குழாயில் மாட்டிய ஹோஸ், மதில் தாண்டி டீச்சர் வீட்டுத் தொட்டிக்குள் இறங்கியிருந்தது.

"என்னங்க இது?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார்.

"டீச்சர் போர்வெல்லும் எப்பவோ வத்திப்போச்சு. சொட்டுச் சொட்டாத்தான் வருது. பாவம், அவங்களுக்கே தெரியாது."

"குடுக்கிறதை நம்ம வாசல்லயே குடுக்க வேண்டியதுதானே?"

"போன கோடையில குழாய் வெச்சேனே, மறந்துட்டியா? உறிஞ்சி வீட்டுத் தண்ணி வேண்டாம்னு ஒருத்தரும் பிடிக்கலை. டீச்சர் குடுத்தா குடிக்கிறாங்க. நாம காலி பண்ணிட்டா இந்தத் தெரு குடத்தைத் தூக்கிட்டு எங்க போகும், சொல்லு?"

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இந்த மனுஷனைத் தெரிந்துகொள்ளவில்லையே என்று நினைத்தபடி அவள் பையை இறக்கி வைத்தாள். அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

மாலையில் டீச்சர் வீட்டுக் கேட் திறந்தது. வாசலில் குடங்கள் முட்டிக்கொண்டன.

"பாருங்க, வழிய வழிய நிக்குது." டீச்சரின் குரல் மதில் தாண்டி வந்தது. "யார் உறிஞ்சினா என்ன? நல்ல மனசுக்குப் பூமி குறை வைக்காது."

நேற்றென்றால் சண்டைக்கே போயிருப்பாள். இன்று கணவரின் தோளைத் தட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சீக்கிரம் போய் ஹோஸை உருவுங்க. மதில் மேல வால் தெரியுது."