அந்தத் தேதிப் பேப்பர்

"வெட்டினது யாரு?"

தையல்கார அக்கா போட்ட சத்தத்தில் நூலகத்தின் பழைய பத்திரிகை அறையே அதிர்ந்தது.

மேசைமேல் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பேப்பர்கள், மாதவாரியாக பைண்டு செய்த தடித் தொகுப்பு. அதில் அவள் தேடி வந்த தேதியை மட்டும் காணோம். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. மீதியை யாரோ பிளேடு போட்டு எடுத்துவிட்டார்கள்.

"மெதுவா பேசும்மா. இது நூலகம்."

சொன்னவள் நூலகர். ஊரில் அவளுக்கு 'சிடுமூஞ்சி மேடம்' என்று பேர். யாராவது எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் போதும், எழுந்து வந்து காய்ச்சி எடுத்துவிடுவாள். இந்த அறைக்குள் பேனாவே வரக்கூடாது, பென்சில்தான்.

"எப்படி மேடம் மெதுவா பேசறது? எங்க பிள்ளைங்க ஓடியாடற ஒரே திடல். அதை பில்டர் வளைச்சுப் போடப் பாக்கறான். அவன் தாத்தாதான் அன்னிக்கு சாயங்காலம் ஊரைக் கூட்டி விழா வெச்சு, 'இது இனி ஜனங்களுக்கு'ன்னு சொல்லி ரிப்பன் வெட்டினாரு. திடல் கல்வெட்டுல இருந்த அந்த வரியை உடைச்சுட்டான். தேதி மட்டும்தான் மிச்சம். நாளைக்கு விசாரணை. இந்தப் பேப்பரை விட்டா எங்களுக்கு வேற சாட்சி கிடையாது!"

நூலகர் கண்ணாடியைத் துடைத்தாள்.

"இதை யார் கேட்டு வந்தாங்க?" அக்கா விடவில்லை.

"போன வாரம் இவர் வந்தார்." நூலகர் மூலையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினாள்.

பில்டரின் மேனேஜர். இருப்பதே தெரியாமல் இவ்வளவு நேரமும் வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

"தனியா விட்டீங்களா?"

"டீ குடிக்கப் போனேன்."

"பிளேடு?"

"பென்சில் சீவறதுக்கு மேசையிலேயே இருக்குமே."

"நல்லா இருக்கு நியாயம்! எச்சில் தொட்டா திட்டுவீங்க, பிளேடு வெச்சா டீ குடிக்கப் போயிடுவீங்களா?"

மேனேஜர் சிரித்தார். "இல்லாததைத் தேடினா எப்படிம்மா கிடைக்கும்? வீட்டுக்குப் போய் ஜாக்கெட் தைக்கற வேலையைப் பாரு."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"பேப்பர்தான் போச்சு, நாங்க எங்கேயும் போகல. உங்க முதலாளி திடல்ல ஒரு செங்கல் இறக்கட்டும். தையல் மிஷினைத் தூக்கிட்டு வந்து நட்டநடுவுல போட்டு உக்காந்துடுவேன். ஜாக்கெட்டை அங்கேயே தைக்கறேன், வந்து பாருங்க!"

"பாக்கலாம், பாக்கலாம்." போனைக் காதில் வைத்தபடியே கிளம்பினார். "அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல சார். சுத்தமா முடிஞ்சுது."

செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது.

"இப்ப சந்தோஷமா மேடம்?" அக்கா நூலகர் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு அந்தப் பசங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

நூலகர் ஜன்னலோரம் போனாள். மேனேஜரின் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து, வெட்டுப்பட்ட இடத்துக்கு அடுத்த தாளைப் புரட்டினாள்.

அக்கா குனிந்து பார்த்தாள்.

பக்கத்தின் நடுவில் பெரிய படம். கையில் கத்தரிக்கோலோடு பில்டரின் தாத்தா, சுற்றிலும் ஊர் ஜனம். மேலே கொட்டை எழுத்தில்: 'திடல் இனி மக்களுக்கே!'

"தொகுப்பு இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாதுங்கறது விதி. நாளைக்கு நானே சுமந்துட்டு வரேன். யார் கேள்வி கேக்கறாங்களோ, என்னைக் கேக்கட்டும்."

"அப்ப... அந்த ஆளு வெட்டிட்டுப் போனது?"

"கல்வெட்டுல இருக்கற தேதிப் பேப்பரைக் கேட்டார், குடுத்தேன்," என்றாள் சிடுமூஞ்சி மேடம், முதல் தடவையாகச் சிரித்தபடி. "சாயங்காலம் நடந்த விழா, மறுநாள் பேப்பர்லதானேம்மா வரும்?"