இன்னும் ஆகாயத்தில்

யாதம்மா துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். மஹதி ஓடிப்போய் அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

“இன்னிக்கும் வேண்டாம். அக்கா இன்னும் போய்ச் சேரல” என்று தெலுங்கில் சொன்னாள்.

“அப்படி எந்த ஊரும்மா அது, போய்க்கிட்டே இருக்கா?” சிரித்துக்கொண்டே யாதம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. அம்மாவின் சட்டம். அக்கா ஹம்ஸினி மெட்ராஸுக்கு ரயிலேறினால் ஒரு ராத்திரிதான் குப்பை கிடக்கும். விடிந்ததும் அம்மா பெருக்கிவிடுவாள்.

இந்த முறை டல்லஸ். பதினாலாயிரம் கிலோமீட்டர்.

சனிக்கிழமை சாயங்காலம், டாக்ஸி வருவதற்குள், ஹம்ஸினி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். பம்பாய், ஃபிராங்ஃபர்ட், சிகாகோ. காத்திருப்பும் சேர்த்து முப்பத்தாறு மணி நேரம்.

அந்த அவசரத்தில் பவுடர் டப்பா கைதவறிக் கொட்டியது. அதை மிதித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டப் போனாள்.

இப்போதும் இருக்கிறது, வாசலைப் பார்த்தபடி ஒரு வலது பாதம். மின்விசிறிக் காற்றில் குதிகால் லேசாகக் கலைந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் பதியவில்லை. அக்காவுக்கு அது தரையில் படாது. சின்ன வயதில் மழையில் நனைந்து வீட்டுக்குள் ஓடிவந்தால், எது யாருடைய ஈரக்கால் என்று அம்மா அதை வைத்துத்தான் கண்டுபிடித்துத் திட்டுவாள்.

அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்து வரும் நாள்களில், அந்தக் காலை மஹதியின் மடியில் நீட்டி, “அமுக்குடி” என்பாள். அமுக்க அமுக்க அன்றைய பாடத்தைச் சொல்வாள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மஹதிக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்று திங்கட்கிழமை. முப்பத்தாறு மணி நேரம் விடியும்போதே முடிந்துவிட்டது.

அம்மா பால் வாங்கப் போயிருந்தபோது போன் அடித்தது. “சேர்ந்துட்டேன்டி. அம்மாகிட்ட சொல்லிடு.” அதற்குள் லைன் போய்விட்டது.

மஹதி சொல்லவில்லை. சொன்னால் துடைப்பம் வந்துவிடும். விமானம் தாமதமாயிருக்கும் என்றாள். மத்தியானம் வரைக்கும்தானே என்று நினைத்தாலும், அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். பாதத்தை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிவந்து உட்கார்ந்தாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்டி ஆகும்?”

மஹதி காலண்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “சாயங்காலம் ஆயிடும்மா.”

“ஆகட்டும்.” அம்மா புடவைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். “நீ மாடிக்குப் போயிருந்தப்போ பேசினா. ஸ்வெட்டரை ஏன் பெட்டிக்கு அடியில வச்சேன்னு ஒரே திட்டு.”

பிறகு எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தாள்.