ரெண்டு மட்டும் என்ன உசத்தி?

"எக்ஸ் கூட்டல் மூணு. இதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே, இது எப்படிங்க விகிதமுறு கோவை ஆகும்?" என்று கேட்டாள் மனைவி.

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். கீழே 1 இருப்பதாக வைத்துக்கொள், எதை ஒன்றால் வகுத்தாலும் அதேதானே என்றான் கணவன். அவள் பலமாகத் தலையாட்டினாள். ஆட்டிய வேகத்திலேயே அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிட்டது.

நாளைக் காலை ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் வேலைக்குத் தேர்வு. அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். ஒரே சம்பளத்தில் குடும்பம் தள்ளாட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த லட்சணத்தில் நாளைக்கு என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொண்டே அவன் அடுத்த காகிதத்தை இழுத்தான்.

அடுத்த கோவையில் கீழே ரூட் எக்ஸ். அதுதான் கீழே ஏதோ இருக்கிறதே என்று அவள் 'ஆமாம்' போட்டாள். மேலேயும் கீழேயும் பல்லுறுப்புக் கோவை இருந்தால்தான் சேர்த்தி, எக்ஸ் மேல் ரூட் வந்தால் அது பல்லுறுப்புக் கோவையே இல்லை என்று விளக்கினான். உடனே அவள் அதற்கடுத்து இருந்த ரூட் இரண்டு பெருக்கல் எக்ஸையும் அடித்துவிட்டாள்.

"அதை ஏன் அடிச்ச? அது இருக்கலாம்."

"இப்பத்தான் ரூட் கூடாதுன்னீங்க."

"எக்ஸ் மேல கூடாது. ரெண்டு மேல வரலாம்."

"ரெண்டு மட்டும் என்ன உசத்தி?"

அவனுக்கே தலை சுற்றியது. தான் சொல்வது சரிதானா என்று சந்தேகம் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டான். மண்டையில் என்னதான் வைத்திருக்கிறாய் என்று கத்தியும் விட்டான். அவள் பேனாவை மூடி வைத்தாள். அவனுக்குப் பாவமாகப் போய்விட்டது.

நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு நிதானமாக ஆரம்பித்தான். "நம்பரைக் கண்டுக்காத. எக்ஸை மட்டும் பாரு. அது ரூட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு முழிக்குதா, வெளிய நிம்மதியா நிக்குதா?"

அவள் பேனாவைத் திறந்தாள். மிச்சமிருந்த கோவைகள் அத்தனைக்கும் சரியாகவே விடை போட்டாள். அவனுக்கு உயிர் வந்தது.

"இதே மாதிரி சொல்லுங்க. நாளைக்கு டெமோ கிளாஸ்ல எந்தப் பையன் எப்படிக் குழப்பினாலும் கோபப்படாதீங்க, வேலை உங்களுக்குத்தான்" என்ற மனைவி, தன் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்தாள்.