சேற்றில் இறங்கிய டயர் வண்டி

“சேத்து வயல்ல டயர் வண்டியை இறக்குறவன் எந்த ஊரு விவசாயின்னு கேக்குறாங்க, பூமிகா! நான் என்னன்னு பதில் சொல்றது?”

செழியன் கைப்பேசியை மேசைமேல் வைத்த வேகத்தில் டீ தளும்பியது. எதிரே இருந்த பூமிகா ஒரு தாளை எடுத்து அதைத் துடைத்தாள்.

தஞ்சாவூரில் ஒரு மாடி அறை. அதுதான் செழியனின் நிறுவனம். அறுவடை வண்டியைக் கைப்பேசியிலேயே பதிவு செய்ய ஒரு புதுச் செயலி வந்திருக்கிறது. அதை விவசாயிகளுக்குப் பழக்கிவிடப் பாட வீடியோ தயாரிப்பது அவர்கள் வேலை. மைக் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், வயலைப் படம் எடுத்துச் சேர்க்க வேண்டும், அனுப்ப வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

முதல் வீடியோவைச் செழியனே பார்த்துப் பார்த்துச் செய்தான். காவிரி, ட்ரோன் காட்சி, நாதஸ்வரம் என்று கல்யாண வீடியோ தோற்றுப்போகும். டெல்டா முழுக்கப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டார்கள். ஒரு பொத்தானைக்கூட ஒருவரும் அழுத்தவில்லை. செழியனின் அப்பாவே, “படம் நல்லாருக்குப்பா” என்று போனை அம்மாவிடம் நீட்டிவிட்டார். பச்சைப் பொத்தானைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் வெடித்துவிடும் என்பது அவர் எண்ணம்.

“இன்னொரு வீடியோ பண்ணுங்க செழியன். அதுவும் சரிப்படலைன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்குறோம்” என்று செயலியின் முதலாளி மேகலா சொல்லிவிட்டார்.

அந்த இரண்டாவது வீடியோவைத்தான் பூமிகா எழுதினாள். அதில் வரும் விவசாயி, சேற்று வயலை அறுக்க டயர் வைத்த அறுவடை வண்டியைப் பதிவு செய்து இறக்குகிறார். தங்கையின் வளைகாப்புக்கு ஊருக்குப் போயிருந்த செழியன், முழுதாகப் பார்க்காமலே தலையாட்டிவிட்டான். இப்போது மேகலா நேரிலேயே வந்துகொண்டிருக்கிறார்.

“தரங்கம்பாடிப் பொண்ணுக்கு வயல் பாடத்தைக் குடுத்தது என் தப்பு. படகு, வலைன்னு சொல்லியிருந்தா புட்டுப் புட்டு வச்சிருப்ப. ஈர வயலுக்கு பெல்ட் வண்டிதான் போகும். டயர் வண்டி புதைஞ்சிடும். எங்க ஊரு ஆடு மாட்டுக்குக்கூட இது தெரியும்!”

“நிறையப் பேர் திட்டுறாங்களா சார்?”

“நிறையப் பேரா? வீடியோவுல ஒரு போன் நம்பர்கூடப் போடாம விட்டுட்ட. எல்லாரும் ஆப்புக்குள்ளயே வந்து கத்துறாங்க. நீயே கேளு.”

வந்து குவிந்திருந்த குரல்களில் ஒன்றைத் தட்டினான்.

“தம்பி, திருப்பனந்தாள்லேருந்து கோவிந்தராசு பேசுறேன். படம் வச்சிருக்கேன், கண்ணைத் தொறந்து பாரு. இதுக்குப் பேருதான் பெல்ட் வண்டி!”

அடுத்தது ஒரு பெண் குரல். “ஏங்க, அந்த ஆளை எங்க வயலுக்கு அனுப்புங்க. முழங்கால் சேறு கெடக்கு, போட்டோவுல தெரியுதா? அவரே எறக்கட்டும், அவரே தூக்கட்டும்!” பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூன்றாவது குரலைக் கேட்டதும் செழியனின் கை நின்றுவிட்டது.

“நன்னிலத்துலேருந்து வைரக்கண்ணு பேசுறேங்க. வீடியோ கடைசியில வை. செழியன்னு பேர் வருதே, அவன் எம் மவன். அந்த ‘வை’ நான்தாங்க. கூலிக்கு அறுத்த வயலையே சொந்தமா வாங்கி, அதுல அறுத்துப் படிக்கவச்ச புள்ள. அவனுக்கா டயர் வண்டி எது, பெல்ட் வண்டி எதுன்னு தெரியாது? எவனோ குளறுபடி பண்ணிட்டு எம் மவன் பேரைப் போட்டுருக்கான். திருத்துங்க. நம்ம வயலையும் படம் புடிச்சுப் போட்டுருக்கேன்.”

படத்தில் பாதி வயல் இருந்தது. மீதி அப்பாவின் கட்டைவிரல்.

செழியன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். “அப்பா நாலு பேர்கிட்ட என் பேரைச் சொல்லணும்னுதான் இந்த ஆபீஸே போட்டேன். கடைசியில அவரு இனிஷியலையே சேத்துல இறக்கிட்டேன்.”

“சார், அது வந்து...” என்று பூமிகா ஆரம்பிக்கும்போதே கதவு திறந்தது. மேகலா வந்துவிட்டார். செழியன் அவளைக் கையமர்த்திவிட்டு எழுந்தான்.

“மேடம், தப்பு நடந்துபோச்சு. பேரு என்னுது, பொறுப்பும் என்னுதுதான். வேலையை எடுத்துக்கிட்டாலும் பரவாயில்ல, இந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க.”

சொல்லி முடித்தபோது அவனுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. வைரக்கண்ணு மகன் வேறு எப்படிப் பேசுவான்?

மேகலா உட்காரக்கூட இல்லை. “அதை விடுங்க செழியன். மைக்கை அமுக்கிப் பேசுறாங்க, படம் எடுக்குறாங்க, சேத்து அனுப்புறாங்க. ஒருத்தரும் தொடாத பொத்தானை எல்லாம் டெல்டாவே அமுக்கிக்கிட்டிருக்கு. உங்கப்பாவும் அனுப்பியிருக்காரு. இவங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது?”

செழியன் திகைத்துப்போய்ப் பூமிகாவைத் திரும்பிப் பார்த்தான்.

“எங்க தரங்கம்பாடியில, தெரியலைன்னு யாரும் வாயைத் தொறந்து கேக்க மாட்டாங்க மேடம். ஆனா பக்கத்து ஆளு வலையில முடிச்சைத் தப்பாப் போட்டா, சாப்புட்ட கையைக்கூடக் கழுவாம ஓடியாந்து திருத்துவாங்க” என்ற பூமிகா, செழியனைப் பார்த்துச் சிரித்தாள். “நெல்லு வெளையிற ஊர்லயும் மனுசங்க அப்படித்தானே இருப்பாங்க சார்? அதான், அந்த டயர் வண்டியை நான் வேணும்னேதான் சேத்துல இறக்குனேன்.”